பெல்சிட்டா மூச்சு எடுக்கும் இடம்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் கால் வைத்த பத்து நிமிடத்துக்குள் மூன்று பேரிடம் ஏச்சு வாங்கினேன். வாழைக்குலையைத் தலையில் சுமந்து வந்தவர், நான் வழியை மறித்து நின்றதற்காக ஏசினார். டீக்கடைக்காரர், சர்க்கரை போட்டுக் கலக்கிய பிறகு சர்க்கரை வேண்டாம் என்று சொன்னதற்காக. மூன்றாமவர் ஒரு நடத்துநர். "குளச்சல் போகுமா?" என்று கேட்டேன். "போவும், ஏறும் ஓய்" என்றார். "எப்போது போகும்?" என்றேன். "நீரு ஏறினாத்தான போவும்!" என்றார். ஏறிவிட்டேன்.

நான் மலேசியாவில் கிள்ளான்காரன். எங்கள் ஊர்ப் பேருந்தில் நடத்துநரே கிடையாது. அட்டையைத் தட்டினால் ஒரு சத்தம் வரும், உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் யாரையும் ஏசுவதில்லை. யாரும் யாரிடமும் பேசுவதும் இல்லை. அறுபத்து மூன்று வயதில் மூன்று பேரிடம் ஏச்சு வாங்கியது எனக்கு என்னவோ பிடித்திருந்தது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் எங்கள் தமிழ்ச் சபையின் பாடல்குழுவில் இப்போது மொத்தம் ஒன்பது பேர். அதில் ஆறு பேருக்கு முட்டிவலி. இளையவர்கள் ஒருவர்கூட இல்லை. ஆண்களின் அடிக்குரலான பேஸுக்கு நான் ஒருவன்தான், அதுவும் அரைகுறை. இரண்டு வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்த சேவியர் என்ற குமரி மாவட்டத்துப் பையன் எங்களோடு பாடினான். அவன் பேஸ் பாடினால் மேசைமேல் இருக்கும் மூக்குக்கண்ணாடி நடுங்கும். "எங்க ஊர்ல எனக்க அக்கா ஒரு கோஷ்டி வச்சிருக்கா சார். காலேஜ் பிள்ளையும் பாடும், மீன் விக்கிற அக்காமாரும் பாடும்" என்பான். அவன் ஊர் திரும்பிய பின் எங்கள் சபைக் கமிட்டி கூடி, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியாரான என்னைப் பார்த்தது. அந்த ஊரில் இளசும் பெரிசும் எப்படி ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்த்து வர வேண்டும், பாட்டுத் தாள்களும் கொண்டுவர வேண்டும். இதுதான் எனக்கு இட்ட வேலை.

முக்கால் மணி நேரத்தில் பேருந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். "இது ராஜாக்கமங்கலம். இஞ்ச வரைக்கும்தான்" என்றார் நடத்துநர். குளச்சல் என்றீர்களே என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் அசரவில்லை. "இஞ்ச எறங்கி வேற வண்டி பிடிச்சா குளச்சல் போவுமா, போவாதா?" என்று என்னையே கேட்டார். பெட்டியோடு இறங்கினேன்.

அங்கே ஒரு ஆட்டோ. ஓட்டுநர் பொன்னையா, நெற்றியில் புருவ நடுவிலிருந்து மேலே ஏறும் வெள்ளை நாமம். குளச்சலுக்குப் பக்கத்தில் நான் போக வேண்டிய ஊரின் பெயரைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க யாரு வீட்டுக்காக்கும்?"

"செசிந்தா டீச்சர் வீட்டுக்கு. பாடல்குழு வைத்திருக்கிறாரே."

"அப்பிடிச் சொல்லுங்க. ஏறுங்க, ஏறுங்க." வண்டி கிளம்பியதும் தானே தொடர்ந்தார். "நான் அய்யாவழியாக்கும். ஆனா அவியளுக்க கிறிஸ்மஸ் பாட்டு ஒண்ணு விடமாட்டேன். போன வருசம் ஆம்பளக் கொரலு காணாது. டிசம்பர்ல எல்லாவனும் கடல்ல கெடப்பான், பின்ன எங்க இருந்து வரும்? இந்த வருசம் என்ன செய்யப் போறாவன்னு பாக்கணும்."

எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் சபையில் முதல் வரிசையில் உட்காருகிறவர்களுக்கே எந்தக் குரல் குறைந்தது, எது கூடியது என்று தெரியாது. இங்கே வேறு வழியில் கும்பிடுகிற ஒரு ஆட்டோக்காரர் பாடல்குழுவுக்கு விமர்சனம் சொல்கிறார். தென்னந்தோப்புகளுக்கு நடுவே கடல் தெரிவதும் மறைவதுமாக வந்தது. மழைக்காலக் கடல், கலங்கிய டீ நிறத்தில் இருந்தது.

செசிந்தா டீச்சருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாசலிலேயே, "வெளியூர்ல வேலைக்குப் போன தம்பி சேவியர் போன்ல சொன்னான், நீங்க சாப்பிடாம வருவியன்னு. கைய களுவுங்க சார்" என்றார். மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, அவித்து வைத்திருந்தார், கூடத் தேங்காய் அரைத்த சாளை மீன் குழம்பு. கிழங்கைக் குழம்பில் முக்கி வாயில் வைத்தேன். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். மூன்றாவது முறை கிழங்கு கேட்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி. இடம் மாதா கோவில் அல்ல, கடற்கரையில் வலை செப்பனிடும் கூடம். தகரக் கூரை, மணல் தரை, மூலையில் மலை போல வலை, சுவரில் ஒரு கரும்பலகை, பின்னால் பெஞ்சுகள். அன்று முப்பத்தைந்து பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், உள்ளூரிலிருந்து நாலைந்து சீர்திருத்தச் சபைக்காரர்கள். கல்லூரிப் பையில் தண்ணீர்ப் பாட்டில் தொங்க வந்த பெண்கள் ஒரு பக்கம், மீன் கூடையைக் கழுவி வெளியே கவிழ்த்துவிட்டு வந்த அக்காமார் இன்னொரு பக்கம்.

அவர்கள் நின்ற விதம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. இரண்டு பேருக்கு ஒரு தாள். அதில் ஒருவர் கட்டாயம் இளையவர், மற்றவர் கட்டாயம் மூத்தவர். டீச்சர் கல்லூரிக் காலத்தில் நாகர்கோவிலில் கற்றுக்கொண்ட டோ, ரே, மீ எழுத்து முறையில் தாள் எழுதியிருந்தார். அந்த எழுத்து இளையவருக்குப் படிக்க வரும். மூத்தவருக்குப் பாட்டு நெஞ்சில் நிற்கும். தாளைப் பிடிப்பது இளையவர், ஆனால் தாள் எங்கே தவறுகிறது என்று முழங்கையால் இடிப்பது மூத்தவர்.

இளையவர்களை எப்படி இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். டீச்சர் பதில் சொல்வதற்குள் ஷைனி என்ற கல்லூரிப் பெண் முந்திக்கொண்டாள். மேல்குரலான சொப்ரானோவில் அவள்தான் முதல் குரல்.

"அங்கிள், எங்க வீட்டுல என்னை ஒத்தைக்கு வெளிய விடுத ஒரே எடம் இதாக்கும். விட்டுட்டுப் போவேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கமிட்டிக்கு இதை எப்படிச் சொல்வது என்பது வேறு விஷயம்.

பிறகு பாடினார்கள். பாட்டு டீச்சரே எழுதியது. கடலுக்குப் போகிறவனோடு கடவுளும் படகில் ஏறுகிற பாட்டு. மூன்றாவது வரி, 'காற்றடித்த திசையெல்லாம் கூட வந்தவரே' என்று மேலேறும். பெண்களின் மேல்குரல் தொடங்க, கீழ்க்குரலான ஆல்ட்டோ சேர, பையன்களின் டெனர் வர, கடைசியில் பின்வரிசையில் இருந்த பன்னிரண்டு ஆண்கள் பேஸில் இறங்கினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது பேரோடு பாடிப் பாடி, நான்கு குரல் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

டீச்சர் மட்டும் கையைத் தட்டி நிறுத்தினார்.

"ஜெரால்டே. எங்க மூச்சு எடுத்த?"

பின்வரிசையில் தாடி வைத்த ஒரு முரட்டு ஆள் தலையைச் சொறிந்தார். "வந்த எடத்துல எடுத்தேன் டீச்சர்."

"'கூட'ன்னு நிறுத்திட்டு மூச்சு எடுத்துட்டு 'வந்தவரே'ன்னா, கூட யாரு வந்தா? நீயா? அது உனக்க மூச்சே இல்ல. பெல்சிட்டாக்க மூச்சு."

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆல்ட்டோ வரிசையில் ஒல்லியாக நின்ற ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்தான் பெல்சிட்டா, ஜெரால்டின் மனைவி. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பயிற்சி முடிந்து கருப்பட்டிக் காப்பி குடிக்கும்போது விளக்கினார்கள். இந்த ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர்கள். ஒரு முறை போனால் பத்து நாள், பதினைந்து நாள். மேற்குக் கடலில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் மட்டும்தான் குழுவில் பேஸ் உண்டு. மற்ற மாதங்களில் அவர்கள் பாட்டை எப்படிக் கற்பது? மனைவிமார் கற்றுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மனைவியும் பயிற்சியில் தன் வரியோடு புருஷன் வரியையும் படித்து, வீட்டுக்குப் போய் அடுக்களையில் நின்று பாடி, கைப்பேசியில் பதிந்து அனுப்பிவிடுகிறாள். படகு கரையை நெருங்கி சிக்னல் கிடைக்கும்போது பாட்டு வந்து விழும். அடுத்த பயணம் முழுக்க அவன் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகுகிறான்.

ஜெரால்டு தன் கைப்பேசியில் போட்டுக் காட்டினார். பெல்சிட்டாவின் குரல், பேஸ் வரியை ஒரு ஸ்தாயி மேலே பாடுகிறது. நடுவில் குக்கர் விசில். ஒரு பிள்ளை அழுகிறது. மூன்றாவது வரியில் 'கூட' என்று நின்று, இழுத்து ஒரு மூச்சு, பிறகு 'வந்தவரே'. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு.

"எனக்கு இந்தக் குக்கர் விசிலும் மனப்பாடமாக்கும் சார்" என்றார் ஜெரால்டு. "அது வரல்லன்னா அடுத்த வரி வராது."

இப்படிப் பன்னிரண்டு ஆண்களும் அவரவர் மனைவி மூச்சு விடும் இடத்தில் மூச்சு விடுகிறார்கள். ஒரே வரி, பன்னிரண்டு வீட்டு மூச்சு. உலகத்தில் வேறு எந்தக் குழுவிலும் இப்படி ஒரு தவறு நடக்க முடியாது என்று தோன்றியது. டீச்சர் இரண்டு மாதமாக ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார். மிச்சம் இருந்தவர் ஜெரால்டு.

இதில் டீச்சருக்கு ஒரு வைராக்கியமும் இருந்தது. நாகர்கோவிலில் பல ஊர்ப் பாடல்குழுக்கள் கூடிப் பாடும் விழா ஒன்று உண்டு. பெரிய பெரிய குழுக்கள் நான்கு குரலில் பாடும். கடற்கரைக் குழுக்கள் வந்தால் எல்லோரும் ஒரே குரலில் பாடிவிட்டு இறங்குவார்கள். டீச்சர் கல்லூரியில் படித்தபோது பின்னால் இருந்து ஒருவர், "கடப்புறத்துக்காரங்க கத்துவாவ, பாட மாட்டாவ" என்று சொன்னது காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து மனதில் கிடந்த ஆசை, இந்த வருடம்தான் கைகூட இருந்தது. ஜூலை கடைசி ஞாயிறு விழா. தடைக்காலம் முடியும் முன். பேஸ் கரையில் இருக்கும்போது. "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நாலு கொரல்ல பாடிட்டு எறங்கணும் சார். அது போதும் எனக்கு" என்றார்.

மறுநாள் ஜெரால்டு என்னைக் குளச்சல் துறைமுகத்துக்குத் தன் பைக்கில் கூட்டிப்போனார். படகுகளுக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். தடை இல்லாத சிறு வள்ளங்கள் கொண்டுவந்த மீன் மட்டும் ஏலத்துக்கு வந்திருந்தது. ஏலம் கேட்கிற பெண்களின் குரலைக் கேட்டு நான் இரண்டடி பின்னால் போனேன். அடிவயிற்றிலிருந்து, கடல் இரைச்சலுக்கு மேலே எழும்பி வருகிற குரல். எங்கள் கிள்ளான் மீன் சந்தையில் விலை எழுதிய அட்டையைக் குத்தி வைத்துவிட்டு வியாபாரி கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. பேய் மழை. சனிக்கிழமை காலை டீச்சருக்குத் தொலைபேசி வந்தது. விழா நடக்கும் மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர், பந்தல் சாய்ந்துவிட்டது, ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள். டீச்சர் போனை வைத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு வாரம் என்றால் ஆகஸ்ட். ஒன்றாம் தேதி படகுகள் இறங்கிவிடும்.

அன்று மாலை வலைக்கூடத்தில் யாரும் பாடவில்லை. ஷைனிக்குத்தான் கோபம் தாங்கவில்லை.

"ஒரு நாலு நாளு கழிச்சுப் போனா கடல் வத்திருமா மாமா?" என்று ஜெரால்டைப் பார்த்துக் கேட்டாள்.

"மக்கா, ரெண்டு மாசம் சும்மா கெடந்தாச்சு. மொதல்ல கடல்ல எறங்குத போட்டுக்குத்தான் மீனு. ஒரு போட்டுல நான் ஒருத்தன் நின்னா, பாக்கி உள்ளவனுக்கும் போவ முடியாது. எனக்கு மட்டும் ஆசை இல்லியா?" ஜெரால்டு விரல் மடக்கி எண்ணினார். "பன்னெண்டு பேரும் நிக்கணும்னா ஆறு போட்டு நிக்கணும். அது நடக்காது கேட்டியா."

யாரிடமும் குற்றம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடி, "விழாவுக்குக் குடுத்த பெயரத் திருப்பி வாங்கிருவோம். அல்லன்னா எப்பளும் போல ஒரே கொரல்ல பாடிட்டு வருவோம்" என்றார். கணக்கு டீச்சரின் குரலில் கணக்குத் தவறியவரின் சோர்வு.

அப்போது பெல்சிட்டா எழுந்தாள். நான் வந்த நாளிலிருந்து அவள் வாய் திறந்து பேசிக் கேட்டதில்லை.

"டீச்சர், பேஸ் என்ன போட்டுல ஏறியா போவுது? அது இஞ்சதான இருக்கு. இவியளுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? நாங்கதான்."

மீன் விற்கிற ரோசம்மா அக்கா, "ஏட்டி, இவ சரியாத்தான் சொல்லுதா" என்றாள். ஆல்ட்டோ வரிசையிலிருந்து ஆறு பெண்கள் எழுந்து பின்வரிசைக்குப் போனார்கள். அவர்கள் புருஷன்மார் பெஞ்சை விட்டு எழுந்து இடம் கொடுத்தார்கள். அப்படியே பாடிப் பார்த்தார்கள்.

இசை இலக்கணம் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது முறைப்படி சரியில்லை. ஆண்களின் அடிக்குரல் பெண்களுக்கு எட்டாது. டீச்சர் சுருதியை ஏற்றினார். அப்போதும் எட்டாத இடங்களில் அவர்கள் ஒரு ஸ்தாயி மேலே எடுத்தார்கள். அங்கெல்லாம் பேஸ் டெனருக்கு மேலே போய் உட்கார்ந்தது. ஆனால் ஏலத்தில் பழகிய குரல்கள். நெஞ்சிலிருந்து, தடிப்பாக, நேராக வந்தன. ஆல்ட்டோவில் ஆள் குறைந்ததால் ஷைனியும் அவள் தோழிகள் மூவரும் கீழே இறங்க வேண்டியிருந்தது. முதல் குரலை விட்டுக்கொடுக்க ஷைனிக்கு மனமே இல்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இறங்கினாள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மலேசியா சார், நீங்களும் பேஸ்தான? சும்மா நிக்காதீங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவியைக் கூப்பிட்டு, ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்றேன். "பாட்டுக்காகவா, மரச்சீனிக்காகவா?" என்று கேட்டாள். முப்பத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், அவளிடம் பொய் சொல்ல முடியாது. இரண்டுக்கும்தான் என்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் பெல்சிட்டாவின் பக்கத்தில் நின்று கற்றேன். எங்களுக்கு ஒரு தாள். நாற்பது வருடம் வாத்தியாராக இருந்தவனை அவள் முழங்கையால் இடித்து இடித்துத் திருத்தினாள். விலா எலும்பு இப்போதும் வலிக்கிறது. பேச்சில் நான் மலேசியப் பழக்கத்தில் 'லா' சேர்ப்பதைப் பார்த்து, "ஆமா லா, இல்ல லா" என்று பின்வரிசை முழுக்கக் கேலி செய்தது.

ஒன்றாம் தேதி விடிந்ததும் துறைமுகத்தில் ஊரே நின்றது. பங்குப் பாதிரியார் ஜெபம் சொல்லிப் படகுகளை மந்திரித்தார். படகில் ஏறுவதற்கு முன் ஜெரால்டு என்னிடம் வந்து கையைப் பிடித்தார். உப்பும் கயிறும் உரசிக் காய்த்த கை.

"எனக்க எடத்துல நிக்கியளா சார்?"

"நிற்கிறேன்."

"'கூட'ல மூச்சு எடுத்துராதீங்க. டீச்சர் ஏசும்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. படகு நகர்ந்த பிறகும் அவர் பெல்சிட்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெல்சிட்டா கையை அசைக்கவில்லை, போய்வா என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

விழாவுக்கு முந்தைய மாலை கடைசிப் பயிற்சி. எல்லாம் சரியாக வந்தது, மூன்றாவது வரியைத் தவிர. ஈரக் காற்றில் பெல்சிட்டாவுக்கு இளைப்பு கூடியிருந்தது. மூச்சு விடாமல் 'கூட வந்தவரே' பாட முயன்றாள். இரண்டாவது முறை இருமல் வந்துவிட்டது. நான்காவது முறை மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஷைனி ஓடிப்போய் உறிஞ்சும் மருந்தை எடுத்து வந்து கொடுத்தாள்.

இருமல் அடங்கியதும் பெல்சிட்டா சொன்னாள்: "டீச்சர், நான் நிக்கல்ல. எனக்க ஒரு மூச்சால எல்லாம் கெட்டுப் போவாண்டாம். நாளைக்கு நான் கீழ இருந்து கேக்கேன்."

இந்த யோசனையைக் கொடுத்தவளே இவள்தான். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கூரையில் மழை சொட்டியது. இருபத்தைந்து வருடமாக டீச்சர் காத்திருந்தது, நாலு பேர் காது கொடுத்துக் கேட்டுக் குறை சொல்ல முடியாத ஒரு பாட்டுக்காக. அது எனக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். கரும்பலகையில் மூன்றாவது வரியில் 'கூட'வுக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டார். வட்டம் போட்டு அதை அழுத்தினார்.

"இனி எல்லாருக்கும் மூச்சு இங்கதான். பேஸுக்கு மட்டும் இல்ல. சொப்ரானோ, டெனர், எல்லாரும். நாலு கொரலும் 'கூட'ன்னு நிக்கும். பெல்சிட்டா மூச்சு எடுத்து முடிக்க வரைக்கும் நிக்கும். பெறகு ஒண்ணா 'வந்தவரே'. எளும்பு பெல்சிட்டா."

பெல்சிட்டா எழுந்தாள். ஷைனி தாளில் அந்தக் காற்புள்ளியைப் பேனாவால் போட்டு, பக்கத்தில் நின்ற அக்காவிடம் காட்டினாள்.

ஞாயிறு பிற்பகல் நாகர்கோவிலுக்கு ஒரு வேனில் கிளம்பினோம். பாதி வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது. டீச்சர் கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பொன்னையாவுக்குப் போன் செய்தேன். அரை மணியில் தன் ஆட்டோவோடு இன்னும் மூன்று ஆட்டோக்களைக் கூட்டிவந்தார். ஒரு ஆட்டோவில் ஆறு பேர், ஏழு பேர். பாட்டுத் தாள் மழையில் நனையாமல் இருக்க ரோசம்மா அக்கா மீன் கூடைக்கு மூடும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தத் தாளில் லேசாகச் சாளை வாசம் இருந்தது.

மேடை ஏறினோம். எங்கள் பின்வரிசையில் ஆறு பெண்களும் நானும் நிற்பதைப் பார்த்து முன்னால் இருந்த சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் கையைத் தூக்கினார். முதல் வரி. இரண்டாவது வரி. பெண்களின் அடிக்குரல் பந்தலின் கடைசி வரை போவது எனக்கே கேட்டது. மூன்றாவது வரி ஏறியது. 'காற்றடித்த திசையெல்லாம் கூட' என்று நான்கு குரலும் ஒன்றாக நின்றன. முழு அமைதி. அந்த அமைதியில் என் பக்கத்தில் பெல்சிட்டா மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது. நானும் அவளோடு இழுத்தேன். கடலில் எங்கோ இருந்த ஜெரால்டை நினைத்தேன். பிறகு நான்கு குரலும் ஒரே அடியாக 'வந்தவரே' என்று இறங்கின. ஷைனி பார்வையைத் தாளிலிருந்து எடுத்து பெல்சிட்டாவைப் பார்த்தபடியே பாடினாள்.

கைதட்டல் வர நேரமாயிற்று. வந்ததும் நிற்கவில்லை. டீச்சர் திரும்பி வணங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பின்வரிசைக்காரர்கள் எல்லோரும் பார்த்தோம், பார்க்காதது போல் இருந்தோம்.

கீழே இறங்கியதும் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய குழுவின் தலைவர் தேடி வந்தார். "டீச்சர், அந்த மூணாவது வரியில ஒரு நிறுத்தம் வச்சீங்களே. சாதாரணமா யாருக்கும் தோணாது. அது யார் போட்டது?"

டீச்சர் பெல்சிட்டாவை முன்னால் தள்ளினார். பெல்சிட்டா நெளிந்தாள்.

"நான் ஒண்ணும் போடல்ல சார்" என்றாள். "அது எனக்க இளைப்பாக்கும் போட்டது."

அவருக்குப் புரியவில்லை. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பந்தலுக்கு வெளியே ஆட்டோவில் சாய்ந்து நின்ற பொன்னையாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். நன்றாக யோசித்துத்தான் தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளைய கொள்ளாம். பெலமா நின்னாவ. நீங்கதான் ரெண்டாவது வரில கொஞ்சம் எறங்கிப் போயிட்டிய."

உண்மைதான்.

கிள்ளானுக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், நாங்கள் ஒன்பது பேரும் அந்தப் பாட்டைத் தொடங்கினோம். மூன்றாவது வரியில் நான் என்னை அறியாமல் 'கூட' என்று நின்று மூச்சு எடுத்தேன். எங்கள் குழுத் தலைவர் ஆசீர் கறாரானவர். பியானோவை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"சாமுவேல், வரிக்கு நடுவில் மூச்சா? யார் சொல்லிக் கொடுத்தது?"

நான் கைப்பேசியை எடுத்தேன். அன்று காலைதான் ஜெரால்டிடமிருந்து ஒரு பதிவு வந்திருந்தது. படகு கரை தொட்டிருக்கிறது, விழாவில் பாடிய பதிவு அவருக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டுக் கூடவே பேஸ் பாடி எனக்கு அனுப்பியிருந்தார். பின்னால் எஞ்சின் சத்தம், காகங்கள், யாரோ கயிறு கேட்டுக் கத்துவது. மூன்றாவது வரியில் அந்த முரட்டுக் குரல் 'கூட' என்று நின்றது. பதிவிலிருந்து பெல்சிட்டாவின் மூச்சு, அதன்மேல் அவருடைய மூச்சு, இரண்டும் சேர்ந்து கேட்டன. பிறகு 'வந்தவரே'. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், இனி டீச்சர் ஏசாது."

ஆசீர் இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டு முடித்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து பென்சில்களை எடுத்து எங்களிடம் நீட்டினார். ஒன்பது பேரும் அவரவர் தாளில், 'கூட'வுக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டோம்.